அம்மனுக்கு ஒன்பது இரவுகள்

கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் உள்ள அம்மன் கோயில் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

ஆண்டுத் திருவிழாவுக்கு முன்பு நீங்கள் கூடும் கூட்டங்களில் பேசுவதற்குப் பொருள் நிறைய இருக்கிறது. திருப்பணி நிதி எவ்வளவு சேர்ந்தது, கோபுரத்துக்கு வர்ணம் எப்போது, எந்த உபயம் யாருக்கு, மேளம் எந்த ஊரிலிருந்து, அன்னதானத்துக்கு அரிசி எத்தனை மூட்டை என்றெல்லாம் பேசி முடிவெடுக்கிறீர்கள். அந்த உழைப்பை மதித்தே இந்த மடலை எழுதுகிறேன். ஆனால் அந்தக் கூட்டங்களில் நாள்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. காப்புக் கட்டுவதிலிருந்து கும்பம் கரைப்பது வரை இருந்த நாள்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகின்றன. வெள்ளி மாலை காப்பு, சனியன்று பால்குடம், ஞாயிறு மதியம் சாப்பாடு என்று சுருங்கிவிட்ட கோயில்கள் உண்டு. அந்த நாள்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஒன்பது நாள், ஒன்பது இரவு. விரதம் இருப்பவர்கள் கோயில் வளாகத்திலேயே தங்கட்டும், பெண்கள் அதற்குப் பொறுப்பேற்கட்டும், தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். ஒரு தெய்வத்தின் வழிபாட்டை உயிரோடு வைத்திருப்பவை அவளுக்காக மனிதர்கள் ஒதுக்கித் தங்கிய நாள்கள்தான் என்று நான் நம்புகிறேன். அதற்கான சான்றுகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் சான்று நமக்கு மிகத் தொலைவிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் கிளாஸ்டன்பரி என்றொரு சிறு ஊர் இருக்கிறது. சமவெளி நடுவே திடீரென்று எழும் ஒரு குன்றின் அடியில் அமைந்த ஊர் அது. ஒரு காலத்தில் அந்தச் சமவெளி முழுவதும் நீர்தேங்கிய சதுப்புநிலம். குன்று மட்டும் தீவாக நின்றது. கெல்டிய மக்களின் புராணத்தில் வரும் அவலோன் என்ற புனிதத் தீவு இதுதான் என்று பலரும் நம்புகிறார்கள். 1996 முதல் அங்கே ஆண்டுதோறும் தேவி மாநாடு ஒன்று நடக்கிறது. ஜூலை இறுதியிலும் ஆகஸ்ட் தொடக்கத்திலும், அதாவது நமக்கு ஆடி மாதம் நடக்கும் அதே நாள்களில், பல நாடுகளிலிருந்து பெண்கள் வந்து தங்கி, பாட்டும் தியானமுமாக இருந்து, அம்மனின் உருவத்தை ஏந்திக்கொண்டு ஊர்வலமாகக் குன்றேறுகிறார்கள். 2002இல் அங்கே ஒரு தேவி கோயிலும் திறக்கப்பட்டது. அதற்குக் கோபுரமோ மதிலோ கிடையாது. அது ஓர் அறை, அவ்வளவுதான். அவர்கள் வணங்கும் தெய்வங்களில் ஒருத்தி பிரிஜிட். கவிதைக்கும் மருத்துவத்துக்கும் கொல்லுத்தொழிலுக்கும் உரியவளாக அயர்லாந்து மக்கள் போற்றிய தெய்வம் அவள். சுமார் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் ஐரிஷ் சொற்களஞ்சியம் அவளைக் கவிஞர்கள் வழிபட்ட தேவி என்று குறித்து வைத்திருக்கிறது. பிப்ரவரி முதல் தேதி அவளுக்கு உரியது. அவள் பெயரில் இருக்கும் ஊற்றுகளின் அருகே மரக்கிளைகளில் நேர்த்திக்காகத் துணி கட்டுகிறார்கள். நம் அம்மன் கோயில் வேப்பமரத்தில் பிள்ளை வரத்துக்குத் தொட்டில் கட்டும் பெண்களுக்கு அதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கூலிம் பக்கம் டப்ளின் தோட்டம், கோல கெட்டில் பக்கம் பேடனாக் தோட்டம் என்று அயர்லாந்து, ஸ்காட்லாந்து இடப்பெயர்களைச் சுமந்த தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டினார்கள். அந்தப் பெயர்கள் வந்த மண்ணிலும் ஓர் அம்மன் இருந்தாள், அவளும் ஊற்றங்கரையிலும் மரத்தடியிலும் இருந்தாள் என்பது லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கிளாஸ்டன்பரிப் பெண்களுக்கும் நமக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அவர்களுடைய வழிபாடு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறுந்துபோனது. பழைய தெய்வங்களைப் பற்றி எஞ்சியிருக்கும் எழுத்துகளில் பெரும்பகுதி கிறித்துவத் துறவிகள் எழுதிவைத்தவை. பூசை முறை கிடையாது, பாட்டி சொல்லித்தந்த தாலாட்டு கிடையாது, இந்தக் கல்லில்தான் அவள் இறங்கினாள் என்று கைகாட்ட ஒரு கிழவியும் கிடையாது. இன்று அங்கே நடக்கும் சடங்குகளில் பல சமீப காலத்தில் உருவாக்கப்பட்டவை என்று பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் போன்றவர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்க வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கையில் இவ்வளவு குறைவாக இருந்தும் அவர்கள் முதலில் செய்தது நாள் ஒதுக்கியதுதான். 1996இல் கூடி இருந்து வழிபட்டார்கள், கோயில் வந்தது ஆறு ஆண்டு கழித்து. அயர்லாந்தின் கில்டேர் ஊரில், அதே பெயர் கொண்ட கிறித்துவப் புனிதர் பிரிஜிட்டின் பெயரில் ஏற்றப்பட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பு அணைந்துபோன தீயை 1993இல் கன்னியாஸ்திரிகள் மீண்டும் ஏற்றினார்கள். 2023இல் அயர்லாந்து அரசு அவள் நாளைப் பொது விடுமுறையாக்கியது. முதலில் ஒரு சிறு தீ, அதைக் காக்க ஒரு சிலர், அவர்கள் கொடுத்த நாள்கள். ஒரு நாடு அந்த நாளுக்கு மரியாதை செய்தது அதற்குப் பிறகுதான்.

இனி நம் வாசலுக்கு வருவோம். பீடோங்கிலிருந்தோ குருணிலிருந்தோ பார்த்தால் கண்ணை நிறைத்து நிற்கும் ஜெராய் மலையும் ஒரு காலத்தில் தீவுதான். கெடாவின் பழைய வரலாற்றுக் கதையான மெரோங் மஹாவங்சா அதைப் புலாவ் செராய் என்று தீவாகவே சொல்கிறது. இன்று வயலும் தோட்டமுமாக இருக்கும் நிலத்தின் மீது அன்று கடல் இருந்ததை நில ஆய்வுகளும் ஒத்துக்கொள்கின்றன. வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு 1,217 மீட்டர் உயர்ந்த அந்தச் சிகரம்தான் அடையாளம். அதன் அடிவாரத்தில், மெர்போக் ஆற்றின் இருமருங்கிலும், ஆயிரம் ஆண்டுக்கு முன்பு வணங்கப்பட்ட கோயில்களின் அடித்தளங்கள் புதைந்துகிடந்தன. 1936, 37இல் தொல்லியல் ஆய்வாளர்களான குவாரிட்ச் வேல்ஸ் தம்பதியர் அவற்றுள் சுமார் 30 இடங்களை ஆராய்ந்தார்கள். மகிடனை வதைக்கும் துர்க்கையின் சிற்பமும், பிள்ளையார் உருவமும் பூஜாங் பள்ளத்தாக்கு எனப்படும் இந்தப் பகுதியில் கிடைத்தவற்றுள் அடங்கும். மெர்போக் அருங்காட்சியகத்தின் பின்புறம் ஏறிப்போனால் பத்துப் பகாட் குன்றின் சண்டியை, அதாவது பழங்கோயிலின் எச்சத்தைப் பார்க்கலாம். 1960 வாக்கில் ஆய்வாளர் அலஸ்டர் லாம்ப் அதைத் திருத்தி நிறுத்தினார். கருவறை, அதன் முன்னே மண்டபம், மண்டபத்தில் மரத்தூண்கள் நின்ற கல் ஆதாரங்கள். கூரை மரத்தாலும் ஓலையாலும் ஆனதால் போய்விட்டது. அடித்தளத்தில் புதைத்திருந்த கல்பேழைகளும் கிடைத்தன. சிறுசிறு குழிகள் வெட்டி, மணிகளும் பொன் துணுக்குகளும் வைத்து மூடிய பேழைகள். இவ்வளவு இருந்தும் அங்கே எழுந்தருளியிருந்த தெய்வத்தின் பெயர் நமக்குத் தெரியாது. எந்த மாதத்தில் விழா, யார் பூசை செய்தார்கள், பெண்கள் என்ன பாடினார்கள் என்பதும் தெரியாது. கல் பிழைத்தது, பேழை பிழைத்தது, அதற்குள் வைத்த மணிகூடப் பிழைத்தது. வழிபாடு பிழைக்கவில்லை, ஏனென்றால் நாள் குறித்து வந்து தங்கும் மக்கள் ஒரு கட்டத்தில் இல்லாமல் போனார்கள். கடாரத்தைப் பற்றியும் 1025இல் ராஜேந்திர சோழன் அனுப்பிய கடற்படையைப் பற்றியும் நாம் பெருமையோடு பேசுகிறோம். பேசலாம். ஆனால் அந்தச் சண்டி இன்றைய கோயில் நிர்வாகத்துக்குச் சொல்லும் பாடம் பெருமையைவிட அவசரமானது.

கல் அழிந்து வழிபாடு பிழைத்த இடமும் ஒன்று இருக்கிறது, அதுவும் தீவுதான். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவு. அங்கே இருக்கும் நாகபூசணி அம்மனை ஈழத் தமிழர் எல்லோரும் அறிவார்கள். 1620இல் போர்த்துக்கீசியர் அந்தக் கோயிலை இடித்தார்கள், 1788இல்தான் மறுபடி கட்டினார்கள் என்று கோயில் வரலாறு சொல்கிறது. இடையில் 168 ஆண்டுகள். ஐந்து ஆறு தலைமுறை கோபுரம் பார்க்காமல் பிறந்து வளர்ந்து மறைந்திருக்கும். ஆனாலும் அம்மன் யார், அவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் 1788இல் அந்தத் தீவில் இருந்தார்கள். இல்லாவிட்டால் கட்டியெழுப்ப எதுவுமே இருந்திருக்காது. இன்றும் ஆனி மாதத்தில் அங்கே இரண்டு வாரத்துக்கு மேல் திருவிழா நடக்கிறது. கடல் கடந்து வருபவர்கள் மடங்களில் தங்குகிறார்கள். மட்டக்களப்புப் பக்கம் இன்னும் வியப்பான ஒரு வழக்கம் உண்டு. அங்குள்ள கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றின் கதவு ஆண்டுக்கு ஒரு முறை, வைகாசியில், சில நாள்களுக்கு மட்டுமே திறக்கும். கதவு திறத்தலில் தொடங்கிக் குளிர்த்தி பாடி முடியும் வரை கண்ணகியின் கதையை இரவுகளில் பாடிப் படிப்பார்கள். ஊரே அங்கே இருக்கும். மற்ற மாதங்களில் பூட்டிக்கிடக்கும் சிறிய கோயில் அது. கண்ணகி அங்கே உயிரோடு இருப்பது அந்தச் சில நாள்களின் அடர்த்தியால்தான். நம் மாநிலத்து லங்காவித் தீவில், பொய்ப்பழிக்கு ஆளாகிக் கொல்லப்பட்ட மஹ்சூரியின் கதையை மலாய் மக்கள் இருநூறு ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லிக் காத்துவருவதையும் இங்கே மரியாதையோடு நினைத்துக்கொள்ளலாம். அவளைத் தெய்வம் என்று அவர்கள் சொல்வதில்லை; ஆனால் ஏழு தலைமுறைச் சாபத்தைக் கேட்டால் கண்ணகியை அறிந்தவர்களுக்கு உடனே புரியும்.

தோட்டத்து அம்மனின் கதை இவற்றுக்கு நெருங்கிய உறவு. பெரும்பாலும் ஒரு மரத்தடிக் கல், ஒரு சூலம், ஒரு மண் மேடை என்றுதான் அது தொடங்கியது. கங்காணி அழைத்துவந்தவர்கள் ஊரிலிருந்து பிடிமண் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பல கோயில்களில் சொல்வார்கள். கோபுரம் வருவதற்கு முன்பே திருவிழா வந்துவிட்டது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மதியம்வரை பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள்தான், மாலையில் குளித்துவிட்டுக் காப்பு நாள்களைக் கடைப்பிடித்தார்கள். ஒரு துண்டு விரலி மஞ்சளை மஞ்சள் நூலில் கோத்து, அம்மன் பாதத்தில் வைத்து எடுத்து, பூசாரி மணிக்கட்டில் மூன்று முடிச்சு போட்டுக் கட்டிவிட்டால் அந்த ஆள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கறி இல்லை, கள் இல்லை, பாய் தலையணை இல்லை. கடைசி நாள்களில் ஆற்றங்கரையிலோ வாய்க்காலிலோ போய், பித்தளைக் குடத்தில் நீர் மொண்டு, அதன் வாயில் வேப்பிலையைக் கொத்துக் கொத்தாகச் சொருகி, பூச்சரத்தை அடுக்கடுக்காகச் சுற்றி, உச்சியில் எலுமிச்சம்பழம் குத்திக் கரகம் ஜோடிப்பார்கள். அதை ஜோடிக்கும் கை எல்லோருக்கும் வராது. எத்தனை சுற்று, எந்தப் பூ முதலில், யார் தொடலாம் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பல ஆண்டுகள் பார்த்தவர்களே கற்றார்கள். பெண்கள் மாரியம்மன் தாலாட்டை இரவில் பாடினார்கள். எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் பாடினார்கள், ஏனென்றால் அடுத்த பாயில் படுத்திருந்த அத்தை அதை ஒவ்வொரு இரவும் பாடினாள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் இடிந்தன. மக்கள் சுங்கை பட்டாணி, கூலிம், லூனாஸ், பாடாங் செராய் தாமான்களுக்குப் போனார்கள். தோட்டத்துக்குள் தனித்து நிற்கும் கோயிலுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கார்களில் வருகிறார்கள். மூன்று நாள் விழாவில் கரகம் தயாராக வந்து இறங்குகிறது, தாலாட்டு ஒலிபெருக்கியில் கேட்கிறது. இரண்டையும் செய்யத் தெரிந்த மூதாட்டிகள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் கிளாஸ்டன்பரிப் பெண்கள் தேடுவதுபோல் நம் பேத்திகளும் தேட வேண்டிவரும்.

உங்களில் பலர் இதற்குச் சொல்லப்போகும் முதல் பதிலை என்னால் ஊகிக்க முடிகிறது. யாருக்கு ஒன்பது நாள் விடுப்பு கிடைக்கும்? கூலிம் ஹைடெக் பூங்காவிலும் சுங்கை பட்டாணித் தொழிற்சாலைகளிலும் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். மாநிலம் கொடுத்துவந்த தைப்பூச விடுமுறையே 2021இல் கிடைக்காமல் போனது. நியாயமான பதில்தான். ஒன்பது நாளும் ஒரே ஆள் தங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்து போன வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட், கில்டேரின் தீயைப் பற்றி எழுதியிருக்கிறார். பத்தொன்பது கன்னியர் முறைவைத்து ஆளுக்கு ஓர் இரவு அதைக் காத்தார்கள். இருபதாம் இரவு விறகை அடுக்கிவைத்துவிட்டு, அது பிரிஜிட்டின் முறை, அவளே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிப் போய்விடுவார்கள். அந்தத் தீயை வாயால் ஊதக் கூடாது, துருத்தி போன்றவை கொண்டுதான் ஊத வேண்டும் என்ற விதியும் இருந்தது. விளக்கை வாயால் ஊதி அணைத்தால் திட்டும் வீடுகளில் வளர்ந்த நமக்கு அந்தக் கட்டுப்பாடு அந்நியமில்லை. முறைவைத்து வேலைபார்ப்பது எப்படி என்று கெடாவில் நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பகல் ஷிப்ட் முடிந்தவர் இரவுக்கு வரட்டும், இரவு ஷிப்ட் முடிந்தவர் காலைப் பூசைக்கு இருக்கட்டும். காப்புக் கட்டிய குடும்பம் ஒன்றுக்கு ஓர் இரவு என்று வைத்தாலும் ஒன்பது குடும்பம் போதும். கோயிலில் இரவு யாராவது ஒருவர் அணையா விளக்கோடு விழித்திருக்கிறார் என்ற நிலை வேண்டும், அவ்வளவுதான். பணி ஓய்வு பெற்றவர்களும், வீட்டுப் பொறுப்புகள் குறைந்த பாட்டிமாரும், பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளும் இதில் முதுகெலும்பாக இருக்க முடியும். 2021இல் தைப்பூச விடுமுறை கிடைக்காமல் போனது நமக்கு ஒரு செய்தியும் சொல்கிறது: அரசு கொடுக்கும் நாளை அரசு எடுத்துக்கொள்ளலாம். நாமே குறித்துக்கொண்ட நாள்களை அப்படி எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. கட்டடம் இல்லாத கோயிலுக்குப் பாதுகாப்பு ஏது? 2013இல் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை நில மேம்பாட்டாளர் ஒருவர் இடித்துத் தள்ளினார். 2020 ஜூலையில் அலோர் ஸ்டார் ரயில் நிலையத்தருகே இருந்த மதுரைவீரன் கோயில் இடிக்கப்பட்டது. இப்படி நடக்கும்போது திருப்பணியை விட்டுவிட்டு விரதம் பேசலாமா என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நிலப்பட்டா, பதிவு, எல்லைக் கல் ஆகியவற்றுக்காக அலைவதை நிறுத்தச் சொல்லவில்லை; அதற்கு முதல் இடம் கொடுங்கள். ஆனால் 11ஆம் எண் சண்டி ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையதாய் இருந்தும் இடிபட்டது. அரசிதழில் அறிவிக்கப்படாத தனியார் நிலத்தில் அது நின்றது. அதைத் தங்களுடையது என்று சொல்லிக் காலையில் வந்து நிற்க ஒரு வழிபடும் சமூகமும் இல்லை. பத்திரமும் மக்களும்தான் ஒரு கோயிலைக் காக்கின்றன. நெருக்கடியான நேரத்தில் ஐந்து நிலைக் கோபுரம் அந்த இரண்டின் வேலையையும் செய்யாது. ஒரு கோயிலில் இன்ன ஆண்டிலிருந்து இன்ன நாள்களில் இத்தனை குடும்பங்கள் தங்கி விரதம் இருந்தார்கள் என்ற பதிவேடு, நிலத் தகராறு வரும்போது எழுதிக்காட்டக்கூடிய வரலாறும் ஆகும். இடம் மாற்ற வேண்டிய நிலை வந்தாலும், தெய்வத்தோடு கூடவே எடுத்துப்போக வேண்டியவை எவை என்று தெரிந்தவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். வேறு இடத்துக்குப் பெயர்ந்த தோட்டக் கோயில்கள் சிலவற்றில் பரிவார தெய்வங்களின் பெயர்களே மறைந்து, பொதுவான ஒரு பட்டியல் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அது யாருடைய தீய எண்ணத்தாலும் நடந்ததில்லை. கேட்டுச் சொல்ல ஆள் இல்லாததால் நடந்தது.

வெள்ளைக்காரர்கள் காசு கட்டிப் போகும் ஆன்மிக முகாமை நம் கோயிலுக்குள் கொண்டுவருகிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். அந்த முகாம்களில் எனக்கும் ஒப்புதல் இல்லாத அம்சங்கள் உண்டு. பணம் உள்ளவர்களே போக முடியும். வந்தவர்கள் முகாம் முடிந்ததும் திசைக்கொருவராகப் பிரிந்துவிடுவார்கள். நம்முடைய முறையில் கட்டணம் கிடையாது, உபயம் உண்டு. ஒரு நாள் சாப்பாட்டை ஒரு குடும்பம் ஏற்றால் எல்லோரும் சாப்பிடலாம். பக்கத்துப் பாயில் படுப்பவர் நம் தெருக்காரர். ஆகவே கடன் வாங்க எதுவும் இல்லை. இருந்ததை இழந்தவர்கள் எதை முதலில் மீட்டார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். தொழிலாளர் வரலாறு படித்த இளைஞர்கள் வேறொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள்: தோட்டக் கோயில்களை வளர்த்ததே துரைமார்தானே, தொழிலாளியைத் தோட்டத்தோடு கட்டிவைக்கத்தானே திருவிழாவுக்கு அவர்கள் நன்கொடை கொடுத்தார்கள்? அதில் உண்மை இருக்கிறது. முதல் மரியாதையைத் துரைக்குக் கொடுத்த காலம் இருந்தது. ஆனால் அதே கெடாவில், போருக்குப் பிந்திய ஆண்டுகளில், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாக வைத்து ஏ. எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை எழுந்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். கள் குடிப்பதில்லை என்று கூட்டாக உறுதியெடுத்துக் கள்ளுக்கடைகளை மறித்தார்கள். 1947இல் போலீஸ் அடக்குமுறை வந்தது; அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள், உயிரும் போனது. எங்கிருந்து வந்தது அந்தக் கட்டுப்பாடு? ஆண்டுக்குச் சில நாள் காப்புக் கட்டி, கள்ளும் கறியும் தொடாமல், ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு இருக்கப் பழகிய மக்கள் அவர்கள். விரதத்தையும் போராட்டத்தையும் எதிரெதிரே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. துரை நன்கொடை கொடுத்தது மேளத்துக்கும் பந்தலுக்கும்; பசியோடு இருந்த நாள்கள் தொழிலாளியுடையவை.

கடைசியாகப் பெண்கள். இரவில் பெண்கள் கோயிலில் தங்குவதா, தீட்டு நாள் வந்தால் என்ன செய்வது என்று கூட்டத்தில் ஒரு குரல் எழும். தோட்டத்து அம்மன் விழாவில் கூழ் காய்ச்சியது, மாவிளக்கு இடித்தது, முளைப்பாரி போட்டது, பால்குடம் சுமந்தது, தாலாட்டுப் பாடியது யார்? அறிவு அவர்களிடம் இருக்கிறது. பொறுப்பு மட்டும் அவர்களிடம் இல்லை. நிர்வாகக் குழுப் புகைப்படங்களைப் பார்த்தாலே இது தெரியும். தீட்டைப் பற்றிக் கேட்பவர்கள் அசாமின் காமாக்யா கோயிலையும் கேரளத்துச் செங்கன்னூர் பகவதியையும் நினைத்துப் பார்க்கட்டும். அங்கே அம்மனுக்கே மாதவிலக்கு உண்டு என்று நம்பி, அதையே திருவிழாவாகக் கொண்டாடுகிறார்கள். மேல்மருவத்தூரில் எல்லா நாளிலும் பெண்களே கருவறைக்குள் போய்ப் பூசை செய்கிறார்கள். செவ்வாடை கட்டி அங்கே போய்வரும் பெண்கள் நம் மலேசியாவிலும் நிறைய உண்டு. ஒவ்வொரு பெண்ணும் தன் மனத்துக்குப் பட்டபடி முடிவெடுக்கட்டும். முறைவைத்துத் தங்கும்போது ஒரு நாளை மாற்றிக்கொள்வது எளிது. பாதுகாப்புக்கு வெளிச்சம், கழிப்பறை, கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், இரவுக்கு இரண்டு அண்ணன்மார் காவல். திருப்பணிச் செலவில் இதற்கு ஆகும் தொகை மிகச் சிறியது.

அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானமாக இதை வையுங்கள். அம்மன் சந்நிதியின் காப்பு நாள்களை ஒன்பதாக்குவது. அவற்றின் இரவுப் பொறுப்பை ஐந்து பெண்கள் கொண்ட குழுவிடம் விடுவது. குறைந்தது நான்கு இரவு ஒலிபெருக்கியே இல்லாமல் இருப்பது. தாலாட்டும் கும்மியும் கரகம் ஜோடிப்பும் தெரிந்த மூதாட்டிகளை முறையாக அழைத்து, வெற்றிலைபாக்கு வைத்து, அவர்களுக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைப்பது. கோயில் முதலில் எந்தத் தோட்டத்தில் எந்த மரத்தடியில் இருந்தது, யார் பூசை பார்த்தார்கள், எந்தப் பரிவாரம் எந்தத் திசையில் நின்றது என்பதை ஒரு தடித்த நோட்டில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் பதிவுசெய்தால் இரண்டு வேறு இடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கோயில் ஒரே வட்டாரத்தில் இருந்தால் ஒன்றின் காப்பு நாளில் மற்ற இரண்டின் பெண்கள் போய்த் தங்கலாம். பீடோங், செமிலிங், மெர்போக் கோயில்கள் இதைத் தொடங்கிவைக்க வசதியான தொலைவில்தான் இருக்கின்றன. ஒன்பது முடியாத கோயில் முதல் ஆண்டு ஐந்தில் தொடங்கட்டும். ஆடிக்கு முன்பு தேதியைக் குறித்து அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுங்கள், சாப்பாட்டு உபயத்துக்கு வரும் பெயர்களுக்குப் பக்கத்திலேயே இரவு தங்குபவர்களின் பெயர்களுக்கும் ஒரு பத்தி விடுங்கள்.


உங்கள் கோயில்கள்மீது அக்கறை கொண்ட ஒருவர்